கொட்டாரத்துக்கு நாம் எழுதிய சரித்திரம்

இன்று காலை ஆபீசுக்குப் போகும் வழியில் பார்த்தேன், கொட்டாரத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் திரும்பி உங்களைத் தேடினேன். உங்கள் சட்டைக் கையிலும், நீங்கள் நீட்டும் காகிதத்திலும், காபி டம்ளரைப் பிடித்த விரலிலும் எப்போதும் இந்த வாசனை இருக்கும். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. சாரத்தின் மேல் நின்றிருந்த கொத்தனார், "என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆபீசில் உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் கேட்காமல் விட்டது என் தப்பா, சொல்லாமல் விட்டது உங்கள் தப்பா என்பதே எனக்கு விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்த்தால் ஏதாவது தெளியுமோ என்று தொடங்குகிறேன்.

நீங்கள் நம் ஊர் நகரசபைக்கு ஓவர்சீயராக வந்தபோது நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் பதிவேடுகளைப் பார்க்கும் குமாஸ்தா. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளை. நீங்கள் ஆத்தூர்க்காரர். நான் பேசுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். "வீட்டை ஊடுங்கறீங்க. வ எழுத்து மேல உங்க ஊர்க்காரங்களுக்கு என்னங்க கோபம்?" என்பீர்கள். சாக்கடை அளக்கப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்கள். வழியில் எந்தப் பழைய சுவரைக் கண்டாலும் நின்று, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பீர்கள். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும். வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள். பிறகு, "எங்க செவுத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க" என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த நாளில்தான் பஸ்கள் பெருகின. கரூர் பஸ், சேலம் பஸ், எருமப்பட்டி பஸ் எல்லாம் கோவிலுக்கு முன்னால் கடைவீதியில் வந்து நிற்கும். புழுதியும் ஹாரனும் சண்டையுமாக இருக்கும். சேர்மனுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டியாக வேண்டும் என்று ஆசை. அதற்கு அவர் கண் வைத்த இடம் கொட்டாரம். தானியம் சேர்த்து வைக்கும் இடத்தைக் கொட்டாரம் என்பார்கள். அந்தப் பெயர் மட்டும் ஊரில் நிலைத்திருந்தது, யார் கட்டியது, எந்தத் தானியம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கோட்டைத் தெரு முனையில் நீளமாக, ஜன்னலே இல்லாமல், கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகளோடு நின்றது. உள்ளே பாதியில் நகரசபையின் உடைந்த விளக்குக் கம்பங்கள், மறுபாதியில் வௌவால்கள்.

சேர்மன் உங்களைக் கூப்பிட்டு, "அந்தக் கொட்டாரத்தெ எடுத்தாத்தானுங்க பஸ் ஸ்டாண்டுக்கு எடம். இடிஞ்சு உழுகற நெலமைன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

"பாத்துட்டு எழுதறேங்க" என்றீர்கள்.

அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனை உங்களிடம். சுவர் இரண்டு முழத்துக்குக் குறையாத கனம். நீங்கள் தட்டினீர்கள், கேட்டீர்கள், அளவுப் புத்தகத்தில் எழுதினீர்கள். பின்புறம் கூரை விழுந்துபோன பகுதிக்கு வந்ததும் ஆவாரஞ்செடிகளை விலக்கிக்கொண்டு குனிந்தீர்கள். மண்ணில் கையை விட்டு எதையோ எடுத்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாடாவின் முனையைப் பிடித்து என் கை வலித்தது.

"ஏனுங்க, என்ன கெடக்குது?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க. கரி."

மறுநாள் உங்கள் ரிப்போர்ட்டை நான்தான் பதிவு செய்தேன். கட்டடம் உறுதியாக இருக்கிறது, கூரையை மட்டும் பழுது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சேர்மன் அறையில் நானும் நின்றிருந்தேன்.

"உங்களெ ரிப்போர்ட் எழுதச் சொன்னனா, கட்டடத்துக்கு நன்னடத்தைச் சீட்டு எழுதச் சொன்னனா?" என்றார் அவர்.

"இடிஞ்சு விழற கட்டடம்னு நான் எழுதிக் குடுத்து, நீங்க இடிக்க ஆள் விட்டா, அவங்க கடப்பாரைதாங்க உடையும். அப்ப ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை.

சேர்மன் விடுகிறவர் இல்லை. மேலிடத்து என்ஜினீயரை வரவழைத்து வேறு ரிப்போர்ட் வாங்க ஏற்பாடு செய்தார். அந்த இடைவெளியில்தான் சேலம் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊரில் பழமையும் சரித்திர முக்கியத்துவமும் உள்ள கட்டடங்கள் எவை, யார் கட்டியவை, எதற்குப் பயன்பட்டவை, காப்பாற்றத் தக்கவையா என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. கோவிலை எழுதினேன், மலைக்கோட்டைச் சுவரை எழுதினேன், ஒரு பழைய மண்டபத்தை எழுதினேன். நீங்கள் என் மேசைக்கு வந்து நின்று, "கொட்டாரத்தையும் போடுங்க" என்றீர்கள்.

"யாரு கட்டுனதுன்னு எழுதறதுங்க?"

நீங்கள் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தீர்கள். பிறகு, "பாளையக்காரர் ஒருத்தர்னு எழுதுங்க. ஆயுதம் வெச்சிருந்த இடம். மேலே வரிசையா ஓட்டை இருக்குதே, அது துப்பாக்கி நீட்டறதுக்கு" என்றீர்கள்.

"யாரு சொன்னாங்க?"

"கோட்டைத் தெருவில ஒரு பெரியவர்."

"அவரு பேரெப் போட்டா நல்லாருக்குமே."

"அவர் இப்ப இல்லைங்க. போன வருஷம் போயிட்டார்."

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவும் இல்லை. நீங்கள் சொன்னது ஒரு வரி. அதை ஒரு பக்கமாக்கியது நான். அஞ்சாத நெஞ்சம் என்றும், படை வீடு என்றும், எதிரிகள் நடுங்கினார்கள் என்றும் எழுதினேன். எழுத எழுத எனக்கே உடம்பு சிலிர்த்தது. நீங்கள் வாசித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப இருக்குதுங்களே" என்றீர்கள். ஆனால் எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

மதராஸிலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வந்தார். தலையில் தொப்பி, கையில் தடி. அந்த ஓட்டையில் தடியை விட்டுப் பார்க்க முயன்றார், எட்டவில்லை. "இது துப்பாக்கி நீட்டும் துவாரம் என்றால் சுடுகிறவன் ஏணி மேல் அல்லவா நிற்க வேண்டும்?" என்றார்.

"மச்சு இருந்திருக்கும் சார். மரம். கரையான் அரிச்சுப் போயிருக்கும்" என்றீர்கள். நான் அன்று உங்கள் சமயோசிதத்தை மெச்சிக்கொண்டேன்.

அவர் ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்து, இது மிகப் பழைய செங்கல் என்று ஒப்புக்கொண்டார். சர்க்கார் எடுத்துப் பராமரிக்கும் அளவுக்கு முக்கியம் இல்லையென்றாலும், இடிக்கக் கூடாது, நகரசபையே ஒரு கல் நட்டு அடையாளம் வைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். போகும்போது சேர்மன் கையைக் குலுக்கி, சரித்திரத்தைக் காப்பாற்றும் சேர்மன்கள் குறைவு என்று சொன்னார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கொட்டாரம் சேர்மனுடைய செல்லப் பிள்ளையாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஏரிக்கரைப் பக்கம் போனது.

கல் நட்ட அன்று ஆடி அமாவாசை. அந்த நாளை யார் குறித்தார்களோ தெரியாது. மாலை, மேளம், கோட்டைத் தெருவார் கூட்டம். பியூன் மாரப்பன் ஒரு கிழவியை வழியில் மறித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பித்தளைப் போசி, அதில் கேழ்வரகுக் கஞ்சி. நான் போய் என்னவென்று கேட்டேன்.

"ஏனுங்க சாமி, நான் வருசா வருசம் இந்த அமாவாசைக்கு வாரவதானுங்க. எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் நம்மூரு. தாது வருசத்துப் பஞ்சத்துல இங்கதானுங்க கஞ்சி ஊத்துனாங்க. எங்காத்தா என்னெ இந்தச் செவுத்தோரம் உக்கார வெச்சுட்டு, கஞ்சி வாங்கிட்டு வாரேன்னு போனா."

"அப்பறம்?"

"அப்பறம் அவளெ வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. கஞ்சியை மட்டும் ஆரோ கொண்டாந்து எங்கையில குடுத்தாங்க." சொல்லிவிட்டு மாலை போட்ட கல்லைப் பார்த்தாள். "இது செத்தவீகளுக்கு வெக்கற கல்லுங்களா சாமி?"

"இல்லீங்க ஆத்தா. இது பாளையக்காரரு காலத்து ஆயுதசாலை" என்றேன்.

"அப்படீங்களா. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க சாமி" என்றாள். தான் ஏதோ தப்பான இடத்துக்கு வந்துவிட்டதைப் போல ஒரு அடி பின்வாங்கினாள். அப்போது நீங்கள் வந்தீர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டீர்கள். அவள் கையிலிருந்த போசியை வாங்கிக்கொண்டு, அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனீர்கள். சேர்மன் பேசிக்கொண்டிருந்தபோது ஓவர்சீயர் எங்கே என்று தேடினார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

சாயங்காலம் உங்களிடம் கேட்டேன். "அந்தம்மா சொன்னது நெசமுங்களா?"

"அப்படியும் இருந்திருக்கலாங்க."

"அப்ப ஆயுதசாலை?"

"அப்படியும் இருந்திருக்கலாம். கட்டடம் நிக்குது, அதைப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் கையெழுத்தில் ஒரு பொய் கல்லாகிவிட்டதோ என்ற பயம் அதைவிட அதிகம். இரண்டு வாரம் உங்களோடு காபி கிளப்புக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் நீங்களே என் மேசைக்கு வந்து, "வாங்க, காபி ஆறுது" என்றீர்கள். நான் எழுந்து வந்தேன். அந்தப் பேச்சை அதற்கப்புறம் நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏதோ உடைந்துவிடும் என்று நினைத்தேன். அது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

யுத்தம் வந்த பிறகு நீங்கள் மேட்டூருக்குப் போனீர்கள். அணைக்கட்டுக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் வேலை. அங்கிருந்து வந்த உங்கள் கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. குசலம் விசாரித்து ஒரு வரி. அடுத்து, கொட்டாரத்தின் தெற்கு மூலையில் ஒழுகும், மழைக்கு முன்னால் ஓடு மாற்றச் சொல்லுங்கள் என்று ஒரு வரி. காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். புறப்பட்டு வர நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது. ஓடு மாற்றினோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு புதிய கவுன்சில் வந்தது. சாலையை உயர்த்தியதில் பழைய கல் பாதி புதைந்துபோனது. புதுக் கல் நட வேண்டும், வாசகம் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். அதற்குள் ஆயுதசாலைக் கதை நம் கையைவிட்டு எங்கோ போயிருந்தது. கோட்டைத் தெருவில் இரண்டு குடும்பம் தங்கள் முன்னோர் அங்கே வாள் காத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது. கொடியேற்றிய நாளில் கொட்டாரம் வரை ஊர்வலம் போனார்கள். நானும் பின்னால் நடந்தேன். நம் ஒரு வரி இத்தனை தூரம் நடந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

புதுக் கல்லுக்கு வாசகம் கேட்ட வாரம்தான் அழிக்க வேண்டிய பழைய ரிக்கார்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூட்டையில் உங்கள் அளவுப் புத்தகம் கிடைத்தது. நாம் நாடா பிடித்த அந்த நாளின் பக்கத்தைத் திருப்பினேன். நீளம், அகலம், சுவரின் கனம், எல்லாம் மையில். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழில் இரண்டு வரி. "பின்புறம் அடுப்புக் குழிகள் வரிசையாக. அப்பா சொன்னபடியே இருக்கிறது."

ரிக்கார்டு அறையில் பழைய காகிதங்களின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. கோட்டைத் தெருப் பெரியவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. ஆனால் ஆத்தூர்க்காரரான உங்கள் அப்பாவுக்கு எங்கள் ஊர்க் கொட்டாரத்தின் பின்புறம் எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆத்தூருக்குப் போனேன். உங்கள் தங்கை என்னை அடையாளம் கண்டுகொண்டார். மோர் கொடுத்தார். புத்தகத்தைக் காட்டினேன். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணன் உங்ககிட்ட சொல்லவே இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்கம்மா."

"எங்கப்பாவை அங்கேருந்துதாங்க எடுத்தாங்க. மூணு வயசு இருக்குமாம். கஞ்சித் தொட்டியில தனியா நின்ன பிள்ளையை, வண்டியோட்ட வந்த ஆத்தூர்க்காரர் ஒருத்தர் தூக்கிட்டு வந்துட்டார். யார் பிள்ளை, என்ன ஜாதி, எந்த ஊர், எதுவும் தெரியாது. அப்பாவுக்கு நினைவிருந்தது அந்த அடுப்பு வரிசையும், புகை போற ஓட்டையும் மட்டுந்தான். எங்க கல்யாணப் பேச்செல்லாம் எத்தனை இடத்தில நின்னுது தெரியுங்களா? அதுக்கப்புறம் அதைப் பத்தி வீட்டில பேசக் கூடாதுன்னு ஆயிடுச்சு."

துப்பாக்கி நீட்டும் துவாரம் என்று நான் எழுதியது புகை போகும் ஓட்டை.

"புதுக் கல்லு வெக்கறாங்கம்மா. நான் நெசத்தை எழுதலாமுங்களா?"

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். "அண்ணன் எழுதலை. ஏன் எழுதலைன்னு எனக்குத் தெரியாதுங்க. பயந்துதான் எழுதலையோ, வேற ஏதாவது நினைச்சாரோ. நீங்க எழுதறதா இருந்தா எழுதுங்க. ஆனா எங்க பேர் எங்கயும் வர வேண்டாம். எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கஞ்சித் தொட்டி என்று எழுதியிருந்தால் சேர்மன் அன்றே இடித்திருப்பார், அதனால் கட்டடத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னீர்கள் என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம், உங்கள் பிறப்பை மறைக்கத்தான் அந்தப் பெயரையே மறைத்தீர்கள் என்று தோன்றும். காப்பாற்றவும் வேண்டும், யாருக்கும் தெரியவும் கூடாது என்று இரண்டையும் சேர்த்துச் சுமந்தீர்களோ? எதை எடுத்தாலும் மற்றது மிச்சம் நிற்கிறது.

கவுன்சிலில் எழுந்து நின்று, ஆயுதசாலை என்று அன்றைக்கு எழுதியது நான், எனக்கு ஆதாரம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. அது தாது வருஷத்துக் கஞ்சித் தொட்டி என்றும் சொன்னேன். கோட்டைத் தெருக் கவுன்சிலர் எழுந்தார்.

"கஞ்சித் தொட்டின்னு கல்லு வெச்சா, நாளைக்கு நம்ம தெருவுக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

"நடந்ததைத்தானுங்க சொல்றேன்."

"ஆயுதசாலைக்கும் ஆதாரமில்லைங்கறீங்க. கஞ்சித் தொட்டிக்கு மட்டும் என்னங்க ஆதாரம்?"

உங்கள் புத்தகம் என் பையில்தான் இருந்தது. அதை எடுத்தால் "அப்பா சொன்னபடியே" என்ற வரியையும் எல்லோரும் படிப்பார்கள். எடுக்கவில்லை. வாருங்கள், காட்டுகிறேன் என்று அவர்களைக் கொட்டாரத்துக்கு அழைத்துப் போனேன். ஆட்களை விட்டுப் பின்புறத்து மண்ணை விலக்கச் சொன்னேன். ஒரு சாண் தோண்டியதும் கரி வந்தது. பிறகு அடுப்புகள், ஒன்றை அடுத்து ஒன்றாக, சுவர் நீளத்துக்கும். கருகிய பானை ஓடுகள். ஓர் ஓட்டில் கஞ்சிக் கறை போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. புதுச் சேர்மன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டைத் தெருக் கவுன்சிலர், "ஆயுதசாலைச் சிப்பாய்களுக்குச் சோறாக்குன அடுப்பாவும் இருக்கலாமுங்களே" என்றார்.

அப்படியும் இருந்திருக்கலாம். உங்கள் வாக்கியமேதான். மதராஸ் அதிகாரி சொன்ன பழைய செங்கல் நினைவுக்கு வந்தது. பஞ்சத்துக்கு எத்தனையோ காலம் முந்திய சுவர் அது. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் வாயில் வந்ததைச் சொன்னது தற்செயலாக உண்மையாகவே இருந்தால்?

கடைசியில் கல்லில் இரண்டும் ஏறின. "பழைய கொட்டாரம். தாது வருஷப் பஞ்சத்தில் இங்கே கஞ்சி ஊற்றப்பட்டது. இங்கே இறந்தவர்கள் பலர்." அதன் கீழே, சின்ன எழுத்தில், "முன்னர் ஆயுதசாலையாக இருந்ததென்றும் சொல்லப்படுகிறது." அந்த "சொல்லப்படுகிறது" என்ற சொல்லுக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அடுப்புகளை மூடாமல் கைப்பிடிச் சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள். இனி யாரும் இடிக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எருமப்பட்டிக் கிழவி வந்து இரண்டு மூன்று வருஷமாகிறது. இருக்கிறாளா என்று விசாரித்தும் தெரியவில்லை. புதுக் கல் நட்ட அன்று உங்கள் தங்கை வந்திருந்தார், மகளையும் அழைத்துக்கொண்டு. தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார். கூட்டம் கலைந்ததும் இருவரும் பின்புறம் போனார்கள். நான் கிட்டப் போவதற்குள் ஆத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது நன்றியா, வருத்தமா, என்னோடு பேசுவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமா, தெரியாது.

நீங்கள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதைத்தான் ஆத்தூரிலிருந்து வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நான். என்னை நம்பக் கூடாது என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?

போன மாதம் ஒரு நாள் காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தபோது, எங்கிருந்தோ ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. நீங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம். பியூன் வேலைக்கு ஒருவர் மனுப் போட்டிருந்தார். மனுவில் தகப்பனாருடைய ஊர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதை நான் மேசையில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். "ஊரு பேரு தெரியாத கஞ்சித் தொட்டிக் குடும்பம். இவனுக்கெல்லாம் ஆபீசுல எடமுங்களா?" என்றேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். என் அப்பா சொல்வார், மாமன்கள் சொல்வார்கள். அந்த வார்த்தைக்குள் நிஜமான மனிதர் யாராவது இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த மனு நிராகரிக்கப்பட்டது.

அந்த வார்த்தை அதற்குப் பிறகு என் வாயில் வரவில்லை என்று சொல்ல ஆசை. வந்திருக்கும், பல முறை. இப்போது வருவதில்லை. பதிவுக்கு ஊர் எழுதாத மனு ஏதாவது வந்தால், எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அந்த மேசையில் ஐந்து பேர் இருந்தோம். நான் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. ஒருவர் சிரித்ததில் காபி சிந்தியது, இன்னொருவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார், மற்றவர் என் தோளைத் தட்டினார். அவர்கள் மூன்று பேர் முகமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்களா என்பது மட்டும், எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், தெரியவில்லை. நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.